அடுத்தவன் கட்டிய வீடு

ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்து ஓய்ந்த கொத்தனார், கடைசிக் காலத்தில் மகள் வாழும் தேசத்துக்கே போய் ஒரு வீடு வாங்கினார். அவர் பிறக்கும் முன்பே கட்டிய வீடு. அவர் கடல் தாண்டியதோ இதுதான் முதல் தடவை.

“அடுத்தவன் கட்டுனதுய்யா. இங்கயாவது சுவரைத் தட்டிப் பாக்காம உக்காரு,” என்றாள் மனைவி.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறை அறையாக நடந்தார். பூச்சுவேலை முடிந்ததும் கதவுக்குப் பின்னால் சுவரில் கட்டைவிரலை அழுத்திவிட்டு வருவது அவர் வழக்கம். இங்கே படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு விரல் பதிந்திருந்தது. குறுக்கே வெட்டுத் தழும்பு, அவருடையதைப் போலவே. வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

“என்னய்யா, அங்கயும் வேலைய ஆரம்பிச்சிட்டியா?” என்று கூடத்திலிருந்து சிரித்தாள்.

அவர் விரலை எடுத்தார். நுனியில் ஈரச் சிமெண்ட் ஒட்டியிருந்தது.