உப்புப் பார்த்தல்

துறைமுகத்துப் பக்கத்து அந்தி வெயில் குசினி யன்னலால் நுழைந்து தாச்சியின் விளிம்பில் மினுங்குகிறது. வேலையால் வந்த சுலோஜனா உடுப்புக்கூட மாற்றவில்லை. கடையிலேயே சின்னத் துண்டாக வெட்டுவித்த கோழி, கறித்தூளும் ரம்பை இலையும் மணக்க, அரை மணித்தியாலத்தில் கறியாகிவிட்டது. இனிக் கடையில் வாங்கிய பாணைத் துண்டாக வெட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. அகப்பையால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்குகிறாள். அப்போதுதான் சுவரில் தொங்கும் கலண்டர் கண்ணில் படுகிறது. வெள்ளிக்கிழமை. குழம்பு நாக்கிலேயே நிற்கிறது; விழுங்கவும் ஏலாது, துப்பவும் மனமில்லை. மன்னாரில் வேலை செய்யும் கணவனுக்கு ஊரோடு இடமாற்றம் கிடைக்கவேண்டுமென்று, பதினொரு வெள்ளி மீன், இறைச்சியென்று மச்சம் எதுவும் வாயில் வைப்பதில்லையெனக் காளி கோயிலில் நேர்ந்திருக்கிறாள். பத்து முடிந்துவிட்டது. நடுவில் பூரணைக்கு வந்த போயா லீவு கிழமைக் கணக்கையே குழப்பிவிட்டது. வாயைத் திறக்காமல், மேசையில் வீட்டுப்பாடம் எழுதும் மகளுக்குக் கலண்டரைக் காட்டுகிறாள். "அதுவோ அம்மா? காலமை கிழிக்கேக்க ரெண்டு தாள் சேந்து வந்திட்டுது," என்று மகள் கொப்பிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறாள். பின்பக்கம் முழுக்கக் கூட்டல் கணக்கு. முன்பக்கம், வியாழன். "ஓம் அம்மா, நாளைக்குத்தான் வெள்ளி. நாளைக்குத்தான் எங்களுக்குச் சங்கீதப் பாடம்." சுலோஜனாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்குகிறது. கதிரையை இழுத்துத் தொப்பென்று இருக்கிறாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்கிறது. "பிள்ளை," என்கிறாள், "அந்த உப்புப் பேணியை எடு. கறிக்குக் கொஞ்சம் காணாது."