பக்கத்து வீட்டு வழி

சேவியரின் நெஞ்சில் ஒட்டிய பட்டை, இதயத் துடிப்பு எகிறினால் அனுப்பும் அவசரச் செய்தி, பக்கத்து வீட்டு ரமீஜாவின் கைவளையம் வழியாகப் போனால்தான் டாக்டரை உடனே எட்டும். மற்ற வழிகளில் நெரிசல். செய்தி வரிசையில் காத்துக் கிடக்கும். அதனால் ரமீஜா பெட்டியோடு கிளம்பியதைப் பார்த்ததும் சேவியரின் மனைவி எமில்டாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“மகளுக்கு வலி எடுத்திருச்சாம். திருச்சிக்குப் போறேன்.”

போகாதீங்க என்று எப்படிச் சொல்வது? எமில்டா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

ரமீஜா பெட்டியைக் கீழே வைத்தாள். “எனக்குத் தெரியாதாடி? கார்ல இடமிருக்கு. அண்ணனையும் கூட்டிட்டு வா.”

மதியம், பிரசவ அறைக்குள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. அடுத்த நொடி ரமீஜாவின் வளையம் அதிர்ந்தது. சேவியரின் செய்தி போகிறது. எமில்டா பதறித் திரும்பினாள்.

அவர் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.