இரவல் கிடுகு

"ஒலிவ், உனக்கென்ன பைத்தியமா? நடுவர்மார் வாற நாளில ஆராவது கூரையைப் பிரிப்பாங்களா?"

ஏணியில் நின்ற ஒலிவ் திரும்பியும் பார்க்கவில்லை. கொட்டிலின் தகரக் கூரைமேல் கணவர் எல்மோ அடுக்கிவைத்திருந்த தென்னோலைக் கிடுகுகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டாள்.

"கத்தாம ஏணியைப் பிடிங்க மேன். விழுந்தா உடையிறது என்ட இடுப்பு."

எல்மோ பிடித்தார். தச்சுவேலைக்காரர்; இயல்பிலேயே அதிகம் பேசாதவர். டச்பார் கரையில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சும் குறைந்துபோனது. முகாமுக்கு வந்து இருபது மாதம். வாயால் சொல்லாததையெல்லாம் இந்தத் தகரக் கொட்டிலுக்குச் செய்துவைத்திருந்தார்: கூரைக்குக் கிடுகு, முகட்டில் காற்றுப் போக வழி, வாசலில் ஈரச் சாக்கு. அந்த வரிசையிலேயே நண்பகலில் ஆள் இருக்கக்கூடிய கொட்டில் அது ஒன்றுதான்.

அதைத்தான் இவள் விடிந்ததிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

குறைந்த செலவில், மின்விசிறி இல்லாமலே குளிர்ந்திருக்கும் வீட்டுக்கு ஒரு நிறுவனம் நடத்தும் போட்டி. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டே பேர்: எல்மோவும், பக்கத்துக் கொட்டில் மேசன் கனகசிங்கமும். ஆள் குனிந்து நுழையக்கூடிய மாதிரி வீடு ஒன்றை இருவரும் தத்தம் கொட்டிலுக்கு அருகே கட்டியிருந்தார்கள். வென்றவருக்கு அதே வீட்டைக் கல்லில் பெரிதாகக் கட்டி, மாரி மழைக்கு முன் கதவுத் திறப்பைக் கையில் கொடுப்பார்கள். தோற்றவர் முகாமின் வீட்டுப் பட்டியலில் காத்திருக்க வேண்டியதுதான்.

போன மாரியில் கட்டில் சட்டம்வரை வெள்ளம் நின்றது. "இன்னொரு மாரி இதுக்குள்ள என்டா, நான் நேரா வாவிக்குள்ளயே குடிபோயிருவன்" என்று ஒலிவ் சொல்லியிருந்தாள்.

கனகசிங்கத்துக்கு அந்தப் பயம் இல்லை. களுவாஞ்சிக்குடியில் மனைவிக்குச் சீதனமாக வந்த கல்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, முகாம் பட்டியலில் பெயரை ஏற்றிக்கொண்டவர் அவர்.

"மறுகா இந்தக் கிடுகெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டார் எல்மோ.

"கனகசிங்கம் அண்ணனுக்கு. பாவம், அவர்ர கூரை வெறுந்தகரமா இரிக்கு. நடுவர்மாருக்கு வேர்த்து ஊத்தப்போகுது."

எல்மோ ஏணியை விட்டுவிட்டார்.

"எங்கட கிடுகு... அந்தாளுக்கா?"

"ஐயோ, ஏணி, ஏணி! இரவல்தானே மேன்!"

கிடுகை எடுத்துப்போகக் கனகசிங்கமே வந்தார். வாயெல்லாம் பல்.

"தங்கச்சிக்குத் தங்கமான மனசு. இங்கிலீசுப் படிவத்தையும் நிரப்பித் தந்து, வாறவங்களைக் குளிரா வச்சிரிக்கணும் என்டு புத்தியும் சொல்லித் தந்தது. என்ன எல்மோ, நடுவர்மாரை அவிச்சு எடுக்கப் போறீங்களா?"

ஒலிவ் அதோடு நிற்கவில்லை. முகட்டு வழியைக் காட்போட் மட்டையால் அடைத்தாள். ஈரச் சாக்கையும் அடுத்த கொட்டிலுக்கு அனுப்பிவைத்தாள். வெளியே கிடந்த அடுப்பை உள்ளே தூக்கிவந்து, எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, பனங்காய்ப் பணியாரம் சுடத் தொடங்கினாள்.

எல்மோ தன் மாதிரி வீட்டின் படியில் போய் உட்கார்ந்தார். கடல் வந்துபோன அன்றும் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு பொறியியலாளர், ஓர் எழுதுநர். கொட்டிலுக்குள் ஒரு வெப்பமானியையும் மாதிரி வீட்டுக்குள் இன்னொன்றையும் தொங்கவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் முகம் அவித்த இறாலின் நிறத்துக்கு வந்தது.

"இன்னும் ஒரு பணியாரம் மிஸ், சூடா இரிக்கு" என்று ஒலிவ் வாசலை மறித்துக்கொண்டு உபசரித்தாள்.

பொறியியலாளர் அவசரமாக இரண்டு எண்களைக் குறித்தார். மூவரும் பாய்ந்து வெளியேறினார்கள்.

அடுத்த கொட்டிலில் அரை மணி நேரம் இருந்தார்கள். செவ்விளநீர் குடித்தார்கள். அவர்கள் சிரிப்பதெல்லாம் எல்மோவுக்குக் கேட்டது. தன் கிடுகின் கீழே இருந்து சிரிக்கிறார்கள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. ஒலிவ் ஏதோ ஒரு பைலா மெட்டை முணுமுணுத்தபடி மிஞ்சிய பணியாரத்தைத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை முகாம் கந்தோரில் முடிவை வாசித்தார்கள்.

"முதலாம் இடம், எல்மோ."

எல்மோவுக்குத் தன் பெயரே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கனகசிங்கம் துள்ளி எழுந்தார்.

"என்ன பகிடி இது? அந்தச் சூளைக்குள்ள நிக்க ஏலாம ஓடி வந்தீங்க! என்ட கொட்டில்ல அரை மணித்தியாலம் சொகுசா இருந்தீங்களே!"

"உங்கட கொட்டில் அருமை ஐயா. அதுதான் பிரச்சினை" என்றார் பொறியியலாளர். "மாதிரி வீடு ரெண்டும் சரிக்குச் சரி, முப்பது பாகை. ஆனா புள்ளி அதுக்கில்ல. இப்ப இருக்கிற கொட்டிலைவிடப் புது வீடு எத்தனை பாகை குளிர் என்டதுக்குத்தான் புள்ளி. அவர்ர கொட்டில் நாப்பத்திரண்டு. உங்கட கொட்டில் முப்பத்தொண்டு. படிவத்தின்ட ரெண்டாம் பக்கத்தில தெளிவா எழுதியிருக்கே! ஆரு உங்களுக்கு அதை நிரப்பித் தந்தது?"

கனகசிங்கம் மெல்லத் திரும்பினார். எல்மோவும் திரும்பினார்.

"அண்ணே," என்றாள் ஒலிவ், "எங்கட கிடுகை இண்டைக்கே திருப்பித் தாறீங்களா? உள்ளுக்கு இரிக்க ஏலாம கிடக்கு."