திதிக் காகம்

காயப்போட்ட துணிகளைக் காகங்கள் அசிங்கம் செய்கின்றன என்று, குடியிருப்புச் சங்கத்தார் செத்த காகம் ஒன்றை மொட்டைமாடியில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அதன்பின் ஒரு காகமும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அதனால் அப்பாவின் திதிக்கு மணிமாறன் பறவை பிடிப்பவரிடம் ஒரு காகத்தை வாங்கிவந்தான். காலில் கயிற்றோடு மாடிச்சுவரில் நின்ற அது, மேலே தொங்குவதைப் பார்த்துவிட்டது. படையல் சோற்றைத் தொடவேயில்லை.

“காக்கா எடுக்காம நாம எப்படிங்க சாப்பிடறது? பசி உயிர் போகுது,” என்றாள் அவன் மனைவி தமயந்தி.

மணிமாறன் அலகைப் பிளந்து சோற்றுருண்டையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினான். காகம் இறக்கைகளை அடித்துக்கொண்டது. தமயந்தி இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள்.

“தொண்டையத் தடவி விடுங்க, இறங்கிடும். மாமாவுக்குக் கடைசி வாய் அப்படித்தானே இறங்குச்சு.”

தடவினான். காகத்தின் கண்கள் செருகின. கழுத்து அவன் கையிலேயே துவண்டது.

கொடியில் தொங்கிய பழைய காகம் வெயிலில் காய்ந்து சருகாகியிருந்தது. அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, இதைக் கட்டினான். கையைக் கழுவினான்.

“அப்பா சாப்பிட்டாரு. இலையப் போடு.”