மூச்சு மிஷின்

"நேத்திலேர்ந்து மூச்சே சரியா வரலை தம்பி" என்று கதவைத் திறந்த கையோடு சொன்னாள் ஓர்னெல்லா.

வெளியே நவம்பர் மூடுபனி கால்வாயை மொத்தமாக விழுங்கியிருந்தது. கருவிப் பெட்டியோடு படித்துறையில் ஏறி வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நோயாளிகளின் வீட்டு ஆக்சிஜன் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் சட்டை போட்டிருந்தான். வழக்கமாக வரும் சாந்த்ரோ இல்லை, புது ஆள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"என் பேரு துல்லியோ. சாந்த்ரோ ரிட்டயர் ஆயிட்டாரு அக்கா."

"இந்தப் பனியில யாரையும் வழி கேட்காம வந்துட்டீங்களே! இந்த முரானோ தீவுல பொறந்தவங்களே இன்னிக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"இந்த வேலைக்கு முன்னாடி படகு ஓட்டினேன். இந்தப் படித்துறைக்கு ஒரு தடவை வந்திருக்கேன்."

ஜன்னலோரம், அவள் மாலைக்கான கண்ணாடி மணி செய்யும் மேசையை ஒட்டி நின்றது மிஷின். மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஓயாமல் கேட்டது அதன் சத்தம்தான். ஆறு விநாடிக்கு ஒரு தடவை 'புஸ்' என்று, நெஞ்சில் சளி கட்டிய மனுஷன் பெருமூச்சு விடுவது போல. மேசைமேல் கண்ணாடி உருக்கும் பர்னர் துணி போர்த்திக் கிடந்தது. எதிரே அவள் கணவன் அல்வீசேயின் அறைக் கதவு மூடியிருந்தது.

"சார் உள்ளதானே? ஒரு பார்வை பார்த்துடறேன்."

"வேணாம்! தூங்கறாரு. எழுப்பாதீங்க."

"நோயாளியப் பார்க்கலேன்னா மிஷினைப் படகுல ஏத்திக்கிட்டு வந்துடணும். ஆபீஸ் உத்தரவு அப்படி."

அவள் முகம் வெளுத்துப் போனது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பனி இல்லாத நாளில் அங்கே கல்லறைத் தீவின் சுவர் தெரியும். இன்று வெறும் வெள்ளை.

"முதல்ல இதைச் சரி பண்ணுங்க தம்பி. மத்ததை அப்புறம் பேசலாம்."

துல்லியோ மண்டி போட்டு உட்கார்ந்தான். "அவருக்கு உதடு, நகமெல்லாம் நீலமாகுதா?"

"நீலமா? நீலமா இருந்தா உங்களை ஏன் கூப்பிடப் போறேன்? மஞ்சளாத்தானே..." சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அவன் கையிலிருந்த திருப்புளி ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றும் கேளாதவன் போலத் திருகாணியைக் கழற்றத் தொடங்கினான்.

"அஞ்சு நிமிஷம் நிறுத்தணும். உள்ள அவருக்குத் தாங்குமா? சின்ன சிலிண்டர் ஏதாவது இருக்கா?"

"தாங்கும்."

மிஷின் நின்றது. வீடு முழுக்க ஒரு அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல்கூட இல்லை. ஓர்னெல்லா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அமைதியைக் கேட்காமலிருக்கக் காதைப் பொத்துகிறவளை அவன் அன்றுதான் பார்த்தான்.

காற்றை உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியை உருவினான். அதில் வெள்ளைத் தூள் அப்பிக் கிடந்தது.

"இது என்னக்கா?"

"மாவு. பிஸ்கட் சுட்டேன், பறந்திருக்கும்."

விரலில் தேய்த்துப் பார்த்தான். மாவு இப்படி நறநறக்காது. மணி செய்கிறவர்கள் கண்ணாடி ஒட்டாமலிருக்கக் கம்பியில் பூசும் களிமண் தூள்தான் நறநறக்கும். "மூக்கை அடைச்சுட்டு மூச்சு விடச் சொன்னா இது எப்படி விடும், பாவம்?" என்று மட்டும் சொன்னான்.

புது வடிகட்டி போட்டான். குழாயில் தேங்கியிருந்த தண்ணீரை உதறினான். மேசைக்கால் குழாயை நசுக்கிக்கொண்டிருந்தது, அதையும் நகர்த்தினான். மிஷினை ஓடவிட்டு ஆக்சிஜன் சதவீதம் காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தபோது எழுபத்தொன்றில் படுத்திருந்த முள் தொண்ணூற்று நான்குக்கு ஏறியது. 'புஸ்' திரும்பி வந்தது. அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது கதவுப் பக்கம் போகவில்லை. மேசையைச் சுற்றி மேலேறி, பர்னரைப் போர்த்தியிருந்த துணிக்குள் நுழைந்தது.

ஓர்னெல்லா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

துணியை எடுத்துவிட்டு, காஸைத் திறந்து லைட்டரைத் தட்டினான். கறுப்புப் புகையோடு மஞ்சள் சுடர் எழுந்தது. ஆக்சிஜன் திருகை மெல்லத் திருப்பினான். சுடர் ஒடுங்கிக் கூராகி, சுத்த நீலத்தில் நின்றது.

"நீலம் வந்தாச்சு அக்கா. இனி மஞ்சளா வராது."

"கொண்டு போயிடாதீங்க தம்பி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செய்யறது தப்புதான். ஆனா எனக்குன்னு இந்த வீட்ல இருக்கறது இது ஒண்ணுதான்."

துல்லியோ கருவிப் பெட்டியைத் திறந்தான். படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். 'நோயாளியை நேரில் பார்த்தீர்களா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூடிய கதவின் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திகைத்துப் பார்த்தாள். "நீங்க அந்தக் கதவையே திறக்கலையே தம்பி?"

"பார்த்திருக்கேன் அக்கா. ஆகஸ்ட்ல அவரைக் கல்லறைத் தீவுக்குக் கொண்டுபோனது என் படகுதான்."