கல்கத்தா தட்டும் லண்டன் தட்டும்

"பொண்ணு மெதுவா வரட்டும்மா. மொதல்ல அந்தப் பாட்டு எங்கேருந்து வருதுன்னு கேளு!"

கருணாகரன் தன் தாய் பொன்னம்மாவின் காதைக் கடித்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை கழுத்தை நீட்டி நீட்டித் திரைக்குப் பின்னால் பார்க்க முயல்வதை, பெண்ணின் தகப்பனார் ராஜரத்தினம் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

"சந்திரமதி இப்ப வந்துரும் தம்பி. காப்பி கலக்குது."

காஜா பெராங் வட்டாரத்தில் கருணாகரனைத் தெரியாதவர்கள் குறைவு. சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. குடி, சூது எதுவும் கிடையாது. ராக் அண்ட் ரோல் பைத்தியம் மட்டும் உண்டு. அதிலும் ஒரே ஒரு ஆல்பம். அதையே கல்கத்தாவில் அச்சானது, ஆஸ்திரேலியாவில் அச்சானது என்று நாலைந்து இசைத்தட்டுகள் வாங்கிக் குவித்திருந்தான்.

மெர்டேக்கா கிடைத்ததும் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள் அல்லவா? நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததில் அவனுக்கு அதுதான் பெரிய சந்தோஷம். எந்த பங்களாவில் சாமான் விற்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். மற்றவர்கள் மேசை நாற்காலியைத் தூக்க, இவன் இசைத்தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பான். வீட்டில் கொண்டுவந்து போட்டால் எல்லாம் கரகரவென்று இரையும்.

"இதுவும் சரியில்ல. லண்டன் முதல் அச்சு கெடைக்கணும். அதுல சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விடுவான்.

பெண் விஷயத்திலும் இதே கதைதான். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி சிரித்த விதம் பிடிக்கவில்லை. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தே பொன்னம்மா ஓய்ந்து போனாள். "இதுதான் கடைசி. இதையும் வேணாம்னு சொன்னா நான் சிரம்பானுக்கு உன் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். நீயே ஆக்கித் தின்னு" என்று மிரட்டித்தான் அவனை இன்று இழுத்து வந்திருந்தாள்.

வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பாட்டு கிளம்பியது. அதே ஆல்பம். ஆனால் என்ன சத்தம்! டிரம் தனியாக, கித்தார் தனியாக, பாடுகிறவன் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்டது. கருணாகரனுக்குப் புல்லரித்தது.

"சார், இது லண்டன் தட்டுதானே? எங்க வாங்குனீங்க?"

ராஜரத்தினம் விழித்தார். "எனக்கென்னா தெரியும் தம்பி? பாட்டுப் பெட்டி சந்திரமதியோடது. டீச்சர் சம்பளத்துல வாங்குனுச்சு."

"பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு கேக்குற காலமெல்லாம் போச்சுங்க. பாட்டுப் போடத் தெரிஞ்சா போதும்" என்று பொன்னம்மா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

சந்திரமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். பெரியவர்கள் இருவரும், "பேசிக்கிட்டு இருங்க" என்று வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

"அந்தத் தட்ட ஒரே ஒரு தடவ கையில வாங்கிப் பாக்கலாமா?" என்றான் கருணாகரன்.

அவள் திரையை விலக்கிப் பெட்டியை மறைத்தாற்போல நின்றுகொண்டாள். "நீங்க இன்னும் என்னையே பாக்கலயே."

அவன் பார்த்தான். கண்ணில் குறும்பு, கூடவே கொஞ்சம் கோபம். ஆச்சரியம், குறை எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"எத்தன பொண்ண வேணாம்னு சொன்னீங்கன்னு ஊருக்கே தெரியும்லா. அதனால நேராவே கேக்குறேன். தட்டு வேணும்னா சும்மாவே தர்றேன், எடுத்துட்டுப் போயிடுங்க. கல்யாணப் பேச்சு அதோட முடிஞ்சுச்சு. நான் வேணும்னா, இந்தத் தட்டப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

"ரெண்டையும் சேத்து..."

"ஒண்ணுதான்."

பாட்டு முடிந்தது. அவள் திரும்பி, ஊசியைப் பூப்போல எடுத்து வைத்தாள். தட்டின் விளிம்பை மட்டும் தொட்டுத் தூக்கி, மெல்லிய துணியால் துடைத்து உறையில் போட்டு மேசையில் வைத்தாள். தட்டை இப்படித் தொடத் தெரிந்த இன்னொரு ஆளை அவன் பார்த்ததே இல்லை. இந்தச் சத்தம் இனிமேல் கிடைக்காது என்பது பெரிய நஷ்டமாகத் தோன்றியது. இவளை விட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய நஷ்டமாகத் தோன்றியது.

"நீங்கதான்" என்றான்.

"அப்ப தட்டு?"

"எந்தத் தட்டு?" என்றான், மேசையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டு.

சந்திரமதி சிரித்தேவிட்டாள். "அத்தை, வாங்க! முடிஞ்சுருச்சு!"

பொன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். வந்தவள் மேசையிலிருந்த தட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"அம்மா! அத நீ ஏன் எடுக்குற?"

"உன் கட்டிலுக்கடியிலேருந்து நாந்தானேடா நேத்தே தூக்கிட்டு வந்து இவகிட்ட குடுத்தேன். நீ குப்பைன்னு தள்ளி வச்ச கல்கத்தா தட்டு."

"கல்கத்தாவா? அப்புறம் எப்படி இவ்வளவு நல்லா..."

"தட்டுல ஒரு குறையும் இல்லீங்க" என்றாள் சந்திரமதி. "கல்யாணத்துக்குள்ள உங்க பெட்டியில ஊசிய மட்டும் மாத்திடுங்க!"