பதினோராவது ஆள்

ஆபீஸில் ஆர்டர் டைப் அடிக்கிற 'ஆர்டர் அக்கா' ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தன் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்துச் சாமான். ஸ்டேப்ளர், தலைவலித் தைலம், பிள்ளைகள் இரண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு போட்டோ.

மேனேஜர் பதினோரு மணிக்கு வந்தார். அதுதான் அவருக்குப் பொழுது விடிகிற நேரம். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த திருப்தி இருக்கிறதே, அதை நல்ல மனுஷர்கள் பார்க்கக் கூடாது.

"பரவாயில்லையே, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்ட. முதலாளி கூப்பிட்டாரா?"

"காலைலயே கூப்பிட்டார் சார்."

"அழுதியா?"

"இல்ல சார்."

அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மருந்து மொத்த வியாபாரம் செய்கிற கம்பெனி அது. கடைகள் அனுப்பும் ஆர்டரைக் குடோனுக்கும், குடோன் சொல்லும் பதிலைக் கடைக்கும் தள்ளிவிட நடுவில் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. மேனேஜருக்கும் கிடையாது. அதனால் ஆபீஸில் அவருக்கு 'ஃபார்வர்டு' என்று பெயர். சாஃப்ட்வேராவது காலை ஒன்பதுக்கே வேலையை ஆரம்பித்துவிடும்.

அதை விற்கிறவர்கள் இந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். குறைந்தது பத்துப் பேருக்கு லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். ஐந்து பேர் இருக்கிற கம்பெனியும் பத்துதான் வாங்க வேண்டும். பத்துக்கு மேல் ஒரே ஒரு ஆள் கூடினாலும் அடுத்தது இருபத்தைந்துதான். நடுவில் பதினொன்று என்று ஓர் எண் இருப்பதே அந்த மகானுபாவர்களுக்குத் தெரியாது. இந்த ஆபீஸில் எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினோரு பேர்.

நேற்று முதலாளி அறையில் இந்தப் பேச்சு வந்ததும் மேனேஜர் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தொண்ணூறு நாளா சாஃப்ட்வேருக்குள்ள போகாத ஆளுக்கு லைசென்ஸ் எதுக்கு சார்? லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு நாற்காலி எதுக்கு? ஒரு ஆளைத் தூக்கிட்டா பத்துல நின்னுடும். நம்ம ஆர்டர் அம்மாவைத்தான் சொல்றேன். அது சும்மா டைப் அடிக்குது. சாஃப்ட்வேர் முழுக்க நான்தானே பார்த்துக்கறேன்?"

ஆர்டர் அக்கா ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தாள். அவள் கணவன் மாடிப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறான். இவள் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மேனேஜருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவள் காதுபடச் சொன்னார். சில பேருக்கு அதில் ஒரு ருசி.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்" என்றார்.

இப்போது மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைத் திறந்தே வைத்து உட்கார்ந்தார். அவள் பெட்டி கட்டுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டுமே. அட்டெண்டர் காபி கொண்டுவந்தார். மேஜையில் கறை படியக் கூடாது என்று மேனேஜர் டம்ளருக்கு அடியில் எப்போதும் ஒரு கவரை வைத்திருப்பார். சாஃப்ட்வேர் வந்த நாளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த பாஸ்வேர்டு கவர் அது. ஒட்டினது ஒட்டினபடியே, காபி வட்டங்களோடு கிடந்தது.

"சார், ரெண்டு ஆர்டர் உங்க ஓகேவுக்காக நிக்குது" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள் ஆர்டர் அக்கா.

"அதுக்கு என்னை ஏன் கேக்கற? எப்பவும் போல நீயே போட்டுடு. கடைசித் தடவையாப் போட்டுட்டுப் போயேன்."

அவள் தன் பாஸ்வேர்டிலேயே போட்டாள். பிறகு போட்டோவைத் துடைத்துப் பெட்டியில் மேலாக வைத்தாள்.

காலி டம்ளரை எடுக்க வந்த அட்டெண்டர், மேஜைமேல் இன்னொரு கவரை வைத்தார். "முதலாளி உங்ககிட்ட கொடுக்கச் சொன்னார் சார்."

மேனேஜர் அதைத் தொடக்கூட இல்லை. "இந்தம்மாவோட ரிலீவிங் லெட்டரா இருக்கும். ஏம்மா, இங்க வா. நீயே பிரிச்சுப் படி. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு, போட்டுத் தொலைக்கிறேன்."

ஆர்டர் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பிரிக்க வேண்டியதில்ல சார். காலைல முதலாளி சொல்லச் சொல்ல, டைப் அடிச்சதே நான்தான்."

"ஓஹோ. உன் லெட்டரை உன் கையாலயே அடிக்க வெச்சாரா?" மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல ஆளுய்யா முதலாளி."

"நீங்க தொண்ணூறு நாள்னு சொன்னீங்கல்ல, சாஃப்ட்வேர் கம்பெனிலேருந்து லிஸ்ட் வாங்கிப் பார்த்தார் சார். வாங்கின நாள்லேருந்து ஒரு தடவைகூட உள்ள போகாத பேரு அதுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

"அட, அப்படி ஒரு தண்டம் நம்ம ஆபீஸ்லயா? யாரும்மா அது?"

அவள் பெட்டியை அவருடைய மேஜைமேல், காபிக் கறை படிந்த கவருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"உங்க டிராயரை எப்ப சார் காலி பண்ணித் தருவீங்க?"